உதய்ப்பூர் வேண்டாம், ஹம்பி போதும்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 36 வயது, மனைவிக்கு 32. இருவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று நாளுக்கு மேல் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. பொங்கலுக்கு அப்புறம் இரண்டு வாரம் லீவு போட்டு, எங்கள் காரிலேயே (2017 ஸ்விஃப்ட், பெட்ரோல்) கோவா, மும்பை, உதய்ப்பூர் வரை போய் வரலாம் என்று பிளான் போட்டேன். மும்பையில் சித்தப்பா வீட்டில் மூன்று நாள், திரும்பும்போது பெங்களூரில் அக்கா வீட்டில் ஒரு நாள் தங்கினால் செலவும் குறையும். தினமும் 500 கிலோமீட்டர் என்னால் ஓட்ட முடியும். ராத்திரியில் ஓட்டினால் டிராஃபிக்கும் இருக்காது. மனைவியோ, "இது டூரா, லாரி ட்ரிப்பா?" என்று கேட்கிறார். ராத்திரிப் பயணம் கூடாது, ஒரு ஊருக்குப் போனால் இரண்டு நாளாவது இருக்க வேண்டும், ஹம்பி பார்க்க வேண்டும், கடல் வேண்டும். இது அவருடைய பட்டியல். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறது, ஊருக்குள் ஓட்டுவார், ஹைவே பழக்கமில்லை. பட்ஜெட் 85,000 ரூபாய். பேச்சை எடுத்தாலே சண்டையில் முடிகிறது. யார் சொல்வது சரி?

– கோவை வாசகர்

பதில்:

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதற்காக உங்கள் திட்டம் முழுக்கத் தப்பு என்று இல்லை. சொந்தக் காரில் போவது என்ற முடிவு நல்ல முடிவு. தூரம்தான் தப்பு.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கோவையிலிருந்து பெங்களூர், புனே, மும்பை, அகமதாபாத் வழியாக உதய்ப்பூர் போக மட்டும் சுமார் 2,100 கிலோமீட்டர். கோவாவுக்குள் நுழைந்து போனால் இன்னும் கூடும். திரும்பி வருவதும் அதே தூரம். ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 4,700-க்குக் குறையாது. நீங்கள் சொல்கிறபடி தினம் 500 ஓட்டினாலும் ஒன்பது, பத்து நாள் காரிலேயே போய்விடும். மிச்சம் நாலு நாள். அதில் மூன்று நாள் சித்தப்பா வீட்டு சோபாவில். உதய்ப்பூர் ஏரியைப் பார்க்க ஒரு சாயங்காலம் கிடைக்கலாம், அதுவும் முதுகு வலியோடு.

பயணத் திட்டம் கேட்டு என்னிடம் வருகிற தம்பதிகளில் பெரும்பாலும் ஒருவர் கையில் மேப் இருக்கும், இன்னொருவர் கையில் பட்டியல் இருக்கும். இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு எந்த ஊரை வெட்டலாம் என்று பேச ஆரம்பித்தால் சண்டை வரத்தான் செய்யும். வெட்டுகிற ஒவ்வொரு ஊரும் இருவரில் ஒருவர் ஆசைப்பட்ட ஊராயிற்றே. அதனால் ஊர்ப் பெயர் எதையும் எடுக்காமல் முதலில் மூன்று விஷயங்களை முடிவு செய்யுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காரில் உட்காரலாம்? 14 நாளில் எத்தனை நாள் ஓட்டலாம்? சாயங்காலம் எத்தனை மணிக்கு வண்டி நிற்க வேண்டும்? இந்த மூன்றுக்கும் இருவரும் ஒத்துக்கொண்ட பதில் இருந்தால், எந்த ஊர் போகும், எந்த ஊர் தங்கும் என்பது தானாகத் தெரிந்துவிடும். யாரும் யாருடைய ஊரையும் வெட்ட வேண்டியிருக்காது.

நான் வழக்கமாகச் சொல்வது இது: ஓட்டும் நாட்கள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஓட்டும் நாளில் சராசரி ஐந்து மணி நேரம், எந்த நாளிலும் எட்டைத் தாண்டக் கூடாது. ஆறு மணிக்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். போன் மேப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். டீ, டாய்லெட், பெட்ரோல், லெவல் கிராசிங், கல்யாண ஊர்வலம் எதுவும் அந்த மேப்புக்குத் தெரியாது. தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஏமாந்து போவீர்கள். கேரளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் சராசரி வந்தாலே பெரிது. கடலோர நெடுஞ்சாலையான என்.எச் 66-ஐ ஆறு வழியாக்கும் வேலை முடியாத இடங்களில் சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்துதான் போக வேண்டும். கர்நாடகக் கடற்கரையில் 55, 60 கிடைக்கும். சித்ரதுர்கா–பெங்களூர், சேலம்–கோவை போன்ற நல்ல சாலைகளில் 70 வரை போகலாம். அதனால் 300 கிலோமீட்டர் ஓரிடத்தில் நாலரை மணி நேரம், இன்னோரிடத்தில் ஏழரை மணி நேரம்.

ராத்திரி ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. டிராஃபிக் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் பின் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு, வெள்ளைப் பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை எல்லாம் இருக்கும். இருவழிச் சாலையில் எதிரே வருபவர் ஹைபீமைக் குறைக்க மாட்டார். விடிகாலை மூன்று, நாலு மணிக்கு எந்த டிரைவருக்கும் கண் சொருகும். பந்திப்பூர், முதுமலைக் காட்டு வழிகளில் இரவு 9 முதல் காலை 6 வரை கார்களை விடுவதே இல்லை. இதையெல்லாம் விடுங்கள்: ராத்திரி முழுக்க ஓட்டிய நீங்கள் பகலில் அறையில் தூங்குவீர்கள், அவர் தனியாக உட்கார்ந்து ஜன்னல் வழியே ஊரைப் பார்ப்பார். இரண்டு பேர் டூர் போனதற்கு அர்த்தம் என்ன? காலையில் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். ராத்திரியில் தேடுகிற அதே காலி ரோடு அப்போதும் இருக்கும்.

சரி, ஊர்களுக்கு வருவோம். அவருக்குக் கடலும் ஹம்பியும் வேண்டும். உங்களுக்குக் கோவா வேண்டும், நீண்ட ரோடும் வேண்டும். இவை எல்லாம் ஒரே வட்டத்தில் அடங்கும்: மேற்குக் கடற்கரை வழியாக ஏறி, தக்காணம் வழியாக இறங்குவது. போன ரோட்டிலேயே திரும்ப வேண்டியதில்லை.

தேதியில் ஒரு திருத்தம். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினால் குடியரசு தின விடுமுறையில் மாட்டுவீர்கள். அந்த வாரக் கடைசியில் பெங்களூர் பாதிக்கு மேல் கோகர்ணத்திலும் ஹம்பியிலும்தான் இருக்கும், அறை வாடகையும் ஏறிவிடும். அதற்கு அடுத்து வரும் சனிக்கிழமை கிளம்புங்கள். பனி, வெயில் இரண்டுமே தொந்தரவு இல்லாத நேரம். மகா சிவராத்திரி எப்போது என்று மட்டும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். கோகர்ணத்திலும் முருடேஸ்வரத்திலும் அன்றைக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஹம்பி உற்சவத் தேதியையும் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு மாறும், அந்த நாட்களில் ஹம்பிக்குப் பக்கத்து ஊரான ஹொஸபேட்டையில் அறை கிடைப்பது சிரமம்.

இதே பாதையை மழைக்காலத்துக்குத் தள்ளிப் போட வேண்டாம். 2024 ஜூலை 16 அன்று அங்கோலா பக்கத்தில் ஷிரூரில் மலை சரிந்து என்.எச் 66-லேயே விழுந்தது. உயிர்ச்சேதத்தோடு, சாலையும் பல நாள் மூடிக் கிடந்தது. மூன்று வாரம் கழித்து கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் இடிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கரையை டிவியில் பார்ப்பதே நல்லது.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கோவையை விடுங்கள். பாலக்காடு, பெரிந்தல்மண்ணை, கோழிக்கோடு வழியாகக் கண்ணூர் சுமார் 270 கிலோமீட்டர். தூரம் குறைவாகத் தெரியும், ஏழு எட்டு மணி நேரம் ஆகும். முதல் நாள் என்பதால் உற்சாகத்தில் ஓடிவிடும். ஊட்டி, கூடலூர், வயநாடு வழியாகவும் போகலாம். பார்க்க அழகு, ஆனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும், வளைவுகளிலேயே பாதி நாள் போய்விடும். முதல் நாளே அந்தச் சோதனை வேண்டாம்.

கண்ணூரில் இரண்டு ராத்திரி. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கண்ணூரைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். நீங்கள் போகிற மாதம் தெய்யம், அதாவது தெய்வ வேடமிட்டு ஆடும் சடங்கு ஆட்டம், உச்சத்தில் இருக்கும். ஐப்பசியில் தொடங்கி மே மாதம் வரை ஏதாவது ஒரு காவில் (ஊர்ச் சிறுகோயிலில்) நடந்துகொண்டே இருக்கும். பல தெய்யங்கள் நடுநிசிக்கு மேல் தொடங்கி விடியலில் முடியும். எந்தக் காவில் எப்போது என்று தங்கும் விடுதியில் கேட்டாலே சொல்வார்கள். டிக்கெட் கிடையாது. ஓரமாக நிற்க வேண்டும், தெய்யக்காரர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். நள்ளிரவில் எழுந்து போக முடியாது என்றால் பரச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலில் ஏறக்குறைய எல்லா நாளும் காலையும் மாலையும் முத்தப்பன் தெய்யம் உண்டு. உங்களுக்காக முழப்பிலங்காடு கடற்கரை இருக்கிறது. நாலு கிலோமீட்டருக்கு மேல் ஈரமணலில் கார் ஓட்டலாம். ஓட்டிய கையோடு வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள், உப்பு சும்மா விடாது. தலச்சேரி பிரியாணி பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாகியில் பெட்ரோல் கேரளத்தைவிட நன்றாகவே மலிவு. ஆனால் 2024 மார்ச்சில் திறந்த தலச்சேரி–மாகி பைபாஸில் ஏறிவிட்டால் ஊரே கண்ணில் படாது. டேங்க் நிரப்ப வேண்டுமானால் பழைய ரோட்டில் போங்கள்.

திங்கள் காலை உடுப்பி. 200 கிலோமீட்டர் சொச்சம். வழியில் பேக்கல் கோட்டையில் ஒரு மணி நேரம் நிற்கலாம். இரண்டு ராத்திரி தங்கினால் ஒரு நாள் கிருஷ்ணர் கோயில், மறுநாள் மல்பே கடற்கரையிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவு. எரிமலைக் குழம்பு ஆறி, தூண் தூணாக வெடித்து நிற்கும் பாறைகள் அங்கே இருக்கின்றன. கோயிலுக்குள் போக உங்கள் பையில் ஒரு வேட்டி இருக்கட்டும். சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

புதன்கிழமை கோகர்ணம். இந்தப் பாதையிலேயே நல்ல ரோடு இந்த நாள்தான். மரவந்தேயில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சௌபர்ணிகா ஆறு, நடுவில் உங்கள் கார். பைந்தூரில் திரும்பி 28 கிலோமீட்டர் உள்ளே போனால் கொல்லூர் மூகாம்பிகை, எம்.ஜி.ஆர். வாள் காணிக்கை செலுத்திய கோயில். முருடேஸ்வரத்தில் 123 அடி சிவன் சிலையும், லிஃப்டில் ஏறிப் பார்க்கும் ராஜகோபுரமும் இருக்கின்றன. கொல்லூர், முருடேஸ்வரம் இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கட்டும். கோகர்ணத்தில் புதனும் வியாழனும் தங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளி ராத்திரி பஸ்ஸில் ஏறி சனி காலை பெங்களூர் இளைஞர் பட்டாளம் வந்து இறங்கும். அவர்கள் வருவதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். குட்லே, ஓம் கடற்கரைகளுக்கு நடுவில் பாறை வழியாக நடக்கலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளி, சனி, ஞாயிறு தெற்கு கோவா. பாலோலம், அகோண்டா பக்கம் தங்கினால் கோகர்ணத்திலிருந்து 100 கிலோமீட்டர் கூட இல்லை. வடக்கு கோவாவுக்கு நீங்கள் ஆசைப்படலாம். வாரக்கடைசியில் பாகா, கலங்குட் பக்கம் காரோடு போவது தண்டனை. போயே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை பழைய கோவா தேவாலயங்களையும் பணஜியையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புங்கள். கிளம்பும்போது டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், கர்நாடகத்தைவிட விலை குறைவு. டிக்கியில் பாட்டில் கொண்டு வரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லையில் மாஜாளி சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே டிக்கியைத் திறந்து நிற்கிற அரை மணி நேரம் உங்கள் மனைவி உங்களைப் பார்க்கிற பார்வைக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

திங்கள்கிழமை நீண்ட நாள். கார்வார், அங்கோலா, எல்லாப்பூர், ஹூப்ளி, கதக், கொப்பள் வழியாக ஹொஸபேட்டை ஏறக்குறைய 350 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். அங்கோலாவிலிருந்து ஹூப்ளி வரை மலை ஏறும் ரோட்டில் லாரி அதிகம். முந்தப் பார்க்காமல் பின்னாலேயே போங்கள்.

ஹம்பிக்கு மூன்று ராத்திரி. ஒரே நாளில் ஹம்பியைப் பார்த்தோம் என்பவர்கள் பார்த்தது விருபாட்சர் கோயிலையும் 50 ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேரையும்தான். பிப்ரவரியிலேயே மத்தியானம் பாறை கொதிக்கும். ஆறரையிலிருந்து பத்தரை வரை சுற்றுங்கள், மத்தியானம் தூங்குங்கள், நாலு மணிக்கு மறுபடி கிளம்புங்கள். ஒரு நாள் துங்கபத்திரையின் மறுகரையில் ஆனேகுந்தி. அவருக்குச் சரித்திரத்தில் ஆர்வம் அதிகமென்றால், கோவாவில் ஒரு ராத்திரியைக் குறைத்து ஞாயிறு பாதாமியில் தங்கிவிட்டு ஹம்பி வரலாம். 642-இல் நரசிம்மவர்மப் பல்லவன் பிடித்த வாதாபி அதுதான். பக்கத்தில் பட்டதக்கல் விருபாட்சர் கோயிலைப் பார்த்தால் காஞ்சி கைலாசநாதர் ஞாபகம் வரும். காஞ்சியை வென்ற சாளுக்கியர் அதைப் பார்த்துக் கட்டியது. ஹம்பியிலிருந்து ஒரே நாளில் பாதாமி போய்த் திரும்ப முடியும்தான். ஆனால் ஆறு மணி நேரம் ரோட்டிலேயே கழியும், அதற்குத்தானே இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வியாழன் காலை கிளம்பி சித்ரதுர்கா, தும்கூர் வழியாக வந்து, பெங்களூருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டில் ஓசூர் ரோட்டைப் பிடித்து, ஓசூரில் தங்குங்கள். அந்த நைஸ் ரோடு தனியார் சாலை, கட்டணம் தனி. வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து கோவை ஆறு மணி நேரம். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறக்கம். நியூட்ரலில் விடாதீர்கள், கியரைக் குறைத்து இறங்குங்கள். பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகள் பின்னாலும் இருக்கும். வெள்ளி மத்தியானம் வீடு. சனி, ஞாயிறு துணி துவைக்கவும் தூங்கவும். ஞாயிறு ராத்திரி வந்திறங்கி திங்கள் ஆபீஸ் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு எரிச்சலாகவே இருப்பார்கள், அந்த எரிச்சல் எங்கே போய் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மொத்தம் சுமார் 1,800 கிலோமீட்டர், உள்ளூர் சுற்றலோடு 2,200. ஓட்டும் நாள் ஏழு, ஓட்டாத நாள் ஏழு.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "ஹைவே பழக்கமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டியரிங்கைக் கொடுத்தால்தானே பழக்கம் வரும்? கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவிநாசி, ஈரோடு தாண்டி சேலம் வரை நான்கு வழிச்சாலை, கற்றுக்கொள்ள நல்ல ரோடு. லாரியை எப்படித் தாண்டுவது, கண்ணாடியை எப்போது பார்ப்பது, டோல்கேட்டில் எந்த லேன் என்பதெல்லாம் இரண்டு முறை போனால் வந்துவிடும். ஒரே நிபந்தனை: இல்லாத பிரேக்கை உங்கள் பக்கத்தில் மிதிக்கக் கூடாது, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டும் வரக் கூடாது. பயணத்தில் மலை ரோட்டை நீங்கள் எடுங்கள், உடுப்பி–கோகர்ணமும் சித்ரதுர்கா–தும்கூரும் அவருடையது. இது அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காக மட்டும் சொல்வதில்லை. கோவாவில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு வர ஒருவர் வேண்டுமே.

சித்தப்பா வீடு, அக்கா வீடு. பாதை மாறியதால் மும்பை தானாகவே போய்விட்டது. அக்கா வீட்டை நான் வேண்டுமென்றேதான் விட்டேன். செலவு குறையும் என்கிறீர்கள். ஸ்வீட் பாக்ஸ், பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் வாங்கினால் ஒரு நாள் அறை வாடகை அதிலேயே போய்விடும். அதைவிட முக்கியம், அங்கே போனால் நீங்கள் ஹாலில் மச்சானோடு கிரிக்கெட் பார்ப்பீர்கள், உங்கள் மனைவி சமையலறையில் நாத்தனாரோடு வெங்காயம் நறுக்குவார். அக்கா தங்கமானவராகவே இருக்கலாம். அவரைப் பார்க்க இன்னொரு வாரக்கடைசி போய் வாருங்கள். பெங்களூரைத் தாண்டிப் போனது தெரிந்தால் கோபித்துக்கொள்வாரே என்றால், கிளம்புவதற்கு முன்பே நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த போனை மனைவி தலையில் கட்டாதீர்கள்.

பணம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தால் 2,200-க்கு சுமார் 140 லிட்டர், 14,500 ரூபாய்க்குள். டோலுக்கு 3,500 ஒதுக்குங்கள். 13 ராத்திரி, சராசரி 2,500 வீதம் 32,500. கோவாவில் கூடும், ஓசூரில் குறையும். சாப்பாடு, டீ தினம் 1,500 வைத்தால் 21,000. படகு, நுழைவுக் கட்டணம், சில்லறை 4,000. ஆக 75,500. மிச்சம் ஒன்பதாயிரத்து ஐநூறு தொடாத பணமாக இருக்கட்டும். டயர் வெடித்தாலோ டாக்டரிடம் போனாலோ எடுக்க. உங்கள் பழைய திட்டத்தில் பெட்ரோலுக்கே 30,000 போயிருக்கும். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு, 2025-இல் 3,000 ரூபாயில் அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் இருக்கிறது, 200 முறை அல்லது ஓராண்டு. இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் என்றால் பெரிய லாபமில்லை. அடிக்கடி சென்னை போகிறவர் என்றால் வாங்கிவிடுங்கள். செலவுப் பணத்தை ஒரே கணக்கில் போட்டு இருவர் போனிலும் ஜிபே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டீக்கும் ஒருவர் மற்றவரிடம் கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது.

காரைக் கிளம்புவதற்கு முதல் நாள் சர்வீஸ் விடாதீர்கள். மூன்று வாரம் முன்பே விட்டு, அந்தச் சேலம் ஓட்டங்களில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2017-இல் வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை டூர் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள், எப்படியும் செய்ய வேண்டியது. ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, பேட்டரி வயது, வைப்பர். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், இருவர் லைசென்ஸும் டிஜிலாக்கரில் இருக்கட்டும், புகைச் சான்றிதழ் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கடைசியாக, ஆண்கள் யாரும் என்னிடம் கேட்காத ஒரு விஷயம். பாத்ரூம். உங்களுக்கு எந்தப் புளியமரமும் போதும். அவருக்குப் போதாது. வழியில் சுத்தமான இடம் கிடைக்காது என்ற பயத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். மத்தியானம் தலைவலி, எரிச்சல். நீங்கள் அதை "மூட் சரியில்லை" என்று எடுத்துக்கொள்வீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அவர் கேட்கும் முன்பே, பெரிய ஓட்டல் அல்லது கம்பெனியே நடத்தும் பெட்ரோல் பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள். டிஷ்யூ, சானிடைசர் டிக்கியில் அடியில் இல்லாமல் முன் சீட்டில் இருக்கட்டும். தேதியை இறுதி செய்யும் முன் அவருடைய மாதவிடாய்த் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தள்ளிக் கிளம்புவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஓட்டும் நாளில் முழு மீல்ஸ் வேண்டாம். சாம்பார், ரசம், பாயசம் வரை போனால் இரண்டு மணிக்கு இருவருக்குமே தூக்கம் வரும், அதில் ஒருவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்.

உதய்ப்பூர் ஆசையைக் கைவிட வேண்டாம். அகமதாபாத் வரை விமானத்திலோ ரயிலிலோ போய், அங்கே கார் வாடகைக்கு எடுத்தால் உதய்ப்பூர் 260 கிலோமீட்டர்தான். ஆறு நாள் லீவு போதும், நவம்பரில் போங்கள்.

அறைகளில் கண்ணூர், கோவா, ஹம்பி மூன்றையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் வசதியோடு. உடுப்பியும் ஓசூரும் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம். கோகர்ணத்தை மட்டும் அவரிடம் விடுங்கள். குட்லேயில் கடலோரக் குடிசையா, ஊருக்குள் ஏசி அறையா என்பதில் உங்கள் யோசனை எதுவாக இருந்தாலும் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.